ஆளுக்கு என்ன விலை?

2017ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் காலை. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் பேரன் ஒரு கால் ஷூவைக் கையில் பிடித்தபடி என் நாற்காலியண்டை வந்து நின்றான்.

"தாத்தா, நெய்மாரைப் பாரிஸ்காரங்க வாங்கிட்டாங்க!"

சாவுச் செய்தி சொல்கிறவன் குரல். அவன் பார்ஸிலோனா கட்சி.

"எவ்வளவுக்கு?"

"222 மில்லியன் யூரோ."

டிபன் டப்பாவை மூடிக்கொண்டே உள்ளிருந்து வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். "மனுஷனையாடா வாங்கினாங்க? சந்தையிலே கட்டியிருக்கிற மாடா அவன்?"

"ஃபுட்பால்லே அப்படித்தான் பாட்டி" என்று சொல்லிவிட்டு, இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டு பையன் பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சொற்கள்தான் கைமுதல். 'வாங்கினார்கள்' என்ற சொல்லை இத்தனை வருஷமாகப் பத்திரிகையில் பார்த்தும் எனக்கு ஏன் உறுத்தவில்லை என்று வெட்கமாக இருந்தது. கால்பந்து இன்று உலகத்தின் பெரிய தொழில்களில் ஒன்று. அந்தத் தொழிலின் கடைச்சரக்கு என்ன, விற்கிறவன் யார், விலைப்பட்டியலை எழுதினவன் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். சில மாதங்கள் புத்தகங்களிலும் தீர்ப்புகளிலும் மேய்ந்தேன். அதில் கிடைத்த கதை இது.

முதலில் ஒரு சமாதானம். ஆளை யாரும் வாங்குவதில்லை. வாங்குவது ஒரு காகிதத்தை. இன்ன ஆட்டக்காரர் இன்ன கிளப்பின் சார்பில் ஆடுகிறார் என்று சங்கத்தின் பேரேட்டில் ஒரு பதிவு இருக்கும். அந்தப் பதிவு இல்லாதவன் கடற்கரை மணலில் நாள் முழுவதும் பந்து உதைக்கலாம். டிக்கெட் விற்கிற ஆட்டத்தில் ஒரு நிமிஷம்கூட ஆட முடியாது. பதிவு ஆட்டக்காரன் பெயரில் இருந்தாலும், அதை விடுவிக்கும் அதிகாரம் கிளப்பிடம் இருந்தது. நம் கதை முழுவதும் அந்த அதிகாரத்தைப் பற்றியதுதான்.

இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் 1863இல் பிறந்தது. அதை நடத்தியவர்கள் கனவான்கள். பணத்துக்கு ஆடுவதை அவர்கள் அசிங்கம் என்று நினைத்தார்கள். ஆனால் வடக்கே ஆலைத் தொழிலாளி ஆட ஆரம்பித்தபோது, சனிக்கிழமை அரைநாள் கூலியை இழந்து அவன் எப்படி ஆடுவான்? கிளப்புகள் ரகசியமாகப் பணம் கொடுத்தன. அப்புறம் வேறு வழியில்லாமல், 1885இல் சம்பள ஆட்டக்காரர்களைச் சங்கம் அங்கீகரித்தது. மூன்று வருஷம் கழித்து, பர்மிங்ஹாமில் ஜவுளிக்கடை வைத்திருந்த வில்லியம் மக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பன்னிரண்டு கிளப்புகளைக் கூட்டி 'ஃபுட்பால் லீக்' என்று ஒன்றை ஏற்படுத்தினார்.

இந்தத் தொழிலின் விசித்திரம் அந்த ஜவுளிக்கடையில் வைத்துப் பார்த்தால்தான் விளங்குகிறது. எதிர்க்கடைக்காரன் கடையை மூடினால் ஜவுளிக்காரன் ஊருக்குத் தெரியாமல் ஒரு தேங்காய் உடைப்பான். ஆனால் எதிர் கோஷ்டி கடையை மூடிவிட்டால் கால்பந்து கிளப்புக்கு விற்பதற்கு ஒன்றுமே இல்லை! போட்டியாளன் பிழைத்திருக்க வேண்டும். அதோடு ஓரளவு பலசாலியாகவும் இருக்க வேண்டும். ஒருவனே எப்போதும் ஜெயித்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? ஆகையால், பணக்கார கிளப் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்க விதிகள் வேண்டும் என்றார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயத்தோடு கொஞ்சம் சுயலாபமும் பாலில் தண்ணீர் மாதிரி கலந்திருந்தது. விதிகளை எழுதினவர்கள் சம்பளம் கொடுக்கிறவர்கள்; சம்பளம் வாங்குகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

இரண்டு விதிகள் வந்தன. 1901இல் வந்தது சம்பள உச்சவரம்பு: வாரத்துக்கு நாலு பவுனுக்கு மேல் எவனுக்கும் கிடையாது. இன்னொன்று அதற்கும் முந்தியது, 1893இலேயே வேர் விட்டது. 'வைத்துக்கொள்ளும் ஜாபிதா' என்று அதற்குப் பெயர் கொடுக்கலாம். ஆட்டக்காரனுடைய ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. வருஷம் முடிந்ததும் கிளப் அவன் பெயரை அந்த ஜாபிதாவில் எழுதிவிட்டால் போதும். புது ஒப்பந்தத்தில் அவன் கையெழுத்துப் போடாவிட்டால் சம்பளம் கிடையாது; ஆனாலும் வேறு கிளப்புக்குப் போக முடியாது. நம் ஊரில் வீட்டு வேலைக்காரனைக்கூட அப்படி வைத்துக்கொள்ள முடியுமா? 'சம்பளம் கட், ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போனால் உதைப்பேன்' என்றால் அவன் சிரிப்பான்.

1905இல் ஆல்ஃப் காமன் என்பவரை மிடில்ஸ்பரோ கிளப் ஸண்டர்லாண்டிடமிருந்து 1000 பவுனுக்கு வாங்கியது. ஆயிரம் பவுன் விலை போன முதல் ஆட்டக்காரர் அவர். பத்திரிகைகள் அலறின. எனக்கு அலறத் தோன்றவில்லை. கணக்குப் போடத் தோன்றியது. வாரம் நாலு பவுன் உச்சவரம்பில் 1000 பவுன் என்பது 250 வாரச் சம்பளம், கிட்டத்தட்ட ஐந்து வருஷ உழைப்பு. அது கிளப்பிலிருந்து கிளப்புக்குப் போயிற்று. அவருடைய கால்களுக்குச் சட்டம் அனுமதித்தது அதே நாலு பவுன்.

இந்த ஏற்பாடு அறுபது வருஷத்துக்கு மேல் நடந்தது. எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 1948இல் மிடில்ஸ்பரோவின் வில்ஃப் மானியன், தேசத்துக்காக ஆடிய பெரிய ஆட்டக்காரர், புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். ஓல்டாம் என்ற ஊருக்குப் போய்க் கோழிக்கூண்டு விற்றார். சில மாதங்களுக்குப் பிறகு பழைய கிளப்புக்கே தலைகுனிந்து திரும்பினார். கோழிக்கூண்டு விற்கப் போனவருக்குத் தன் கூண்டைத் திறக்கத் தெரியவில்லை.

அந்தக் கூண்டின் ஒரு கம்பியை வளைத்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். நியூகாஸில் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த மெலிந்த இளைஞர். 1960இல் ஒப்பந்தம் முடிந்ததும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கிளப் அவரை ஜாபிதாவில் வைத்துக்கொண்டது. அவர் தெற்கே போய் ஒரு நண்பரிடம் கார்க் விற்கும் வேலையில் சேர்ந்தார். கடைசியில் கிளப் இறங்கிவந்து அவரை ஆர்ஸனலுக்கு 47,500 பவுனுக்கு விற்றது. காரியம் ஆகிவிட்டது, வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். ஈஸ்ட்ஹாம் விடவில்லை. ஆட்டக்காரர் சங்கம் பின்னால் நிற்க, கோர்ட்டுக்குப் போனார்.

இடையில், 1961 ஜனவரியில், ஜிம்மி ஹில் என்ற தாடிக்காரரின் தலைமையில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டவே சம்பள உச்சவரம்பு ஒழிந்தது. அப்போது அது 20 பவுனில் நின்றிருந்தது. சீக்கிரமே ஃபுல்ஹாம் கிளப் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுன் கொடுத்தது. அந்தக் கிளப்பின் தலைவர் ஒரு நகைச்சுவை நடிகர். ஆனால் சம்பள விஷயத்தில் அவர் வேடிக்கை பண்ணவில்லை.

ஈஸ்ட்ஹாம் வழக்கில் 1963 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆளைக் கட்டி வைத்திருப்பது தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்றார் நீதிபதி. அவர் பெயர் வில்பர்ஃபோர்ஸ். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்டாரே வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், அவருடைய எள்ளுப்பேரன்! நான் நாவலில் இப்படி எழுதியிருந்தால், 'ஆசிரியர் சௌகரியத்துக்காக ஒரு பெயரைப் பிடித்துப் போட்டிருக்கிறார்' என்று விமரிசகர்கள் என்னைக் கிழித்திருப்பார்கள். சரித்திரத்துக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

ஆனால் அது பாதி விடுதலைதான். கட்டி வைக்கக் கூடாது என்றது தீர்ப்பு. விலை கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும், புதுக் கிளப் பழைய கிளப்புக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்ற வழக்கம் ஐரோப்பா முழுவதும் தொடர்ந்தது. அந்த மீதிப் பாதியை உடைக்க இன்னும் முப்பத்திரண்டு வருஷமாயிற்று. உடைத்தவர் ஈஸ்ட்ஹாமைப் போல் பிரபலமானவர்கூட இல்லை.

பெல்ஜியத்தில் மியூஸ் நதிக்கரையில் லியேஜ் என்ற ஊர். நிலக்கரியும் இரும்பும் ஆண்ட ஊர். அங்கே இருக்கும் பழைய கிளப்தான் பெல்ஜியத்தின் முதல் லீக் பட்டத்தை 1896இல் ஜெயித்தது. அதில் ஆடியவர் ழான்-மார்க் போஸ்மன். நடுவரிசை ஆட்டக்காரர், சுமாரான கெட்டிக்காரர். மாதம் 1,20,000 பெல்ஜியன் பிராங்க் சம்பாதித்துக்கொண்டிருந்தார். 1990 ஜூனில் ஒப்பந்தம் முடிகிற சமயம் கிளப் புது ஒப்பந்தத்தை நீட்டியது: மாதம் 30,000. சங்க விதிப்படி அதற்குக் கீழே கொடுக்க முடியாது என்பதால் அங்கே நின்றார்கள். கால் பங்காகிவிட்ட சம்பளத்தைப் போஸ்மன் மறுத்தார். உடனே அவரை விற்பனை ஜாபிதாவில் போட்டு, 'பயிற்சி நஷ்ட ஈடு' என்று ஒரு விலையும் குறித்தார்கள்: 1,17,43,000 பிராங்க்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அவரை வைத்துக்கொள்ள மாதம் முப்பதாயிரம்தான் பெறும். வெளியே விட ஒரு கோடியே பதினேழு லட்சம்!

எல்லைக்கு அப்பால், பிரான்ஸில், டன்கர்க் என்ற இரண்டாந்தர கிளப் அவரை எடுத்துக்கொள்ள முன்வந்தது. மாதம் சுமார் ஒரு லட்சம் பிராங்க் சம்பளம். லியேஜும் முழு விலை கேட்காமல் ஒரு வருஷ வாடகை மாதிரி 12 லட்சத்துக்குச் சம்மதித்தது. ஆகஸ்டு 2ஆம் தேதிக்குள் பெல்ஜியம் சங்கத்திலிருந்து பிரெஞ்சு சங்கத்துக்கு ஒரு சான்றுக் காகிதம் போய்ச் சேர வேண்டும். பணம் வருமோ வராதோ என்று லியேஜுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காகிதத்தை அனுப்பச் சொல்லி சங்கத்தைக் கேட்கவில்லை. ஜூலை 31இல் போஸ்மனைத் தற்காலிகமாக நீக்கியும் வைத்தது. டன்கர்க்கும் போயிற்று, லியேஜும் போயிற்று. ஆகஸ்டு 8ஆம் தேதி அவர் ஊர்க் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அவருடைய வக்கீல்களில் ஒருவரான ழான்-லூயி துபோன் தொழிலுக்குப் புதிய இளைஞர்.

சில வாரங்களில் முடிந்திருக்க வேண்டிய வழக்கு ஐந்து வருஷம் இழுத்தது. கோர்ட்டுக்குப் போன ஆட்டக்காரனை எந்தப் பெரிய கிளப் சேர்த்துக்கொள்ளும்? பிரான்ஸில் இரண்டாந்தர கிளப் ஒன்று, பிறகு இந்து மகாசமுத்திரத்தில் ரீயூனியன் தீவு, பிறகு பெல்ஜியத்தின் மூன்றாந்தரத்தில் ஷார்லெருவா ஊரின் ஒரு கிளப் என்று அலைந்தார். நடுவில் பெற்றோர் வீட்டுக் கார் கொட்டகையில் தங்கிய காலமும் உண்டு.

1995 டிசம்பர் 15ஆம் தேதி லக்ஸம்பர்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1957ஆம் வருஷத்து ரோம் உடன்படிக்கைப்படி உழைப்பாளி எல்லை தாண்டி வேலைக்குப் போகலாம். கால்பந்து ஆட்டக்காரனும் உழைப்பாளிதான். ஒப்பந்தம் முடிந்த பிறகு அவனுக்கு விலை கேட்கக் கூடாது. இத்தனை வெளிநாட்டார்தான் ஆடலாம் என்ற வரம்பும் ஐரோப்பியக் கூட்டுறவைச் சேர்ந்த நாட்டார் விஷயத்தில் செல்லாது.

எதிர்த்தரப்பின் வாதத்தை நான் கேலி பண்ண மாட்டேன். 'சிறிய கிளப் பையன்களைப் பத்து வயதிலிருந்து வளர்க்கிறது. வளர்ந்த பையனை விற்ற பணத்தில்தான் அடுத்த பையனை வளர்க்கிறது. விலையை எடுத்துவிட்டால் யார் வளர்ப்பார்கள்?' என்று கேட்டார்கள். நீதிமன்றம் அதைக் காது கொடுத்துக் கேட்டது. எந்தப் பையன் பெரிய ஆட்டக்காரனாவான் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. கிளப் கேட்கும் விலைக்கும் வளர்த்த செலவுக்கும் சம்பந்தம் இல்லை. சிறியவர்களைக் காப்பாற்ற வேண்டுமானால் வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேறு வழி உண்டு என்றது. அது சரியான பதில் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் சரியான பதிலுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவை வேறு யாரோ கட்டினார்கள்.

ஹாலந்தின் அயாக்ஸ் கிளப், தான் வளர்த்த இளைஞர்களைக் கொண்டே 1995இல் ஐரோப்பாவின் கோப்பையை ஜெயித்தது. அடுத்த இரண்டு வருஷங்களில் டேவிட்ஸ், ரெய்ஸிகர், பிறகு இறுதி ஆட்டத்தில் கோல் போட்ட க்ளைவர்ட் என்று ஒவ்வொருவராக ஒப்பந்தம் முடிந்து மிலானுக்குப் போனார்கள். அயாக்ஸுக்குச் சல்லிக்காசு இல்லை. 1967இல் இதே கோப்பையை ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப் ஜெயித்தபோது, பதினொரு பேரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். 1999ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லண்டனின் செல்ஸீ கிளப் இறக்கிய பதினொரு பேரில் ஒருவர்கூட பிரிட்டிஷ்காரர் இல்லை. 1986இல் ருமேனியாவும் 1991இல் யுகோஸ்லாவியாவும் ஜெயித்த கோப்பையை, 1996 முதல் 2025 வரையுள்ள முப்பது வருஷங்களில் ஸ்பெயின், இங்கிலாந்து, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நாலு நாடுகளுக்கு வெளியே இரண்டு முறைதான் கொண்டுபோனார்கள்: 2004இல் போர்ட்டோ, 2025இல் பாரிஸ்.

பழியைப் போஸ்மன் தலையில் போடுகிறவர்கள் நிறைய. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அதே காலத்தில் டெலிவிஷன் பணம் வெள்ளமாக வந்தது. 1992இல் இங்கிலாந்தின் பெரிய கிளப்புகள் தனியே பிரிந்து பிரீமியர் லீக் அமைத்துக்கொண்டதும் அதற்காகத்தான். ஜனத்தொகை அதிகமுள்ள தேசத்தில் பார்ப்பவர்கள் அதிகம், ஆகவே பணமும் அதிகம். ஆட்டக்காரனுக்கு எல்லை திறந்துவிட்டது, கிளப்புக்குத் திறக்கவில்லை. லியேஜ் பையன் லண்டனுக்குப் போய் ஆடலாம், லியேஜ் கிளப் லண்டன் லீக்கில் சேர முடியாது. சிறிய தேசத்துக் கிளப் தன் ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளை ரயிலேற்றிக்கொண்டிருக்கிறது.

கிளப்புகள் இன்னொரு உபாயமும் கண்டுபிடித்தன. ஒப்பந்தம் முடிந்தால்தானே விலை இல்லை? ஆகவே ஐந்து வருஷ ஒப்பந்தம் போடு. முடிவதற்கு முன்பே புதுப்பித்துவிடு. இல்லாவிட்டால் நடுவில் விற்றுவிடு. இன்று விலை என்பது மிச்சமிருக்கும் வருஷங்களின் விலை. நெய்மாருடைய ஒப்பந்தத்தில், இந்தத் தொகையைக் கட்டினால் முறித்துக்கொண்டு போகலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. அந்தத் தொகைதான் 222 மில்லியன்.

இதை என் மனைவியிடம் விளக்கினேன். "அவனை வாங்கவில்லை. ஒப்பந்தத்தை முறித்ததற்கு அபராதம் கட்டினார்கள்."

"அவ்வளவு அபராதம் கட்டுகிறவன் யார்?" என்றாள்.

2011 முதல் அந்தப் பாரிஸ் கிளப் கத்தார் தேசத்து முதலீட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது என்றேன்.

"அப்போ தேசமே கடை வச்சிருக்குன்னு சொல்லுங்க" என்று அவள் உள்ளே போய்விட்டாள். மக்ரெகரின் ஜவுளிக்கடைக் கணக்கு உடைகிற இடம் அதுதான். கடைக்காரனுக்கு எதிர்க்கடை வேண்டும், லாபமும் வேண்டும். லாபமே வேண்டாத முதலாளி வந்து உட்கார்ந்தால் கடைத்தெருவில் எந்த விதி நிற்கும்?

பெரிய கடைக்காரர்கள் தெருவையே விட்டுப் போகவும் பார்த்தார்கள். 2021 ஏப்ரல் 18ஆம் தேதி பன்னிரண்டு கிளப்புகள், தோற்றாலும் பெரும்பாலோர் வெளியேற வேண்டாத ஒரு தனி லீக் அமைப்பதாக அறிவித்தன. இரண்டே நாளில் இங்கிலாந்தின் ஆறு கிளப்புகளும் பின்வாங்கின; அவர்களுடைய சொந்த ரசிகர்களே வீதிக்கு வந்துவிட்டார்கள். உலகச் சங்கமும் சும்மா இல்லை. 2025இல் 32 கிளப்புகளைக் கூட்டி அமெரிக்காவில் ஒரு கோடைக்காலப் போட்டி நடத்தியது. 2026 உலகக் கோப்பைக்கு 48 தேசங்கள், 104 ஆட்டங்கள் என்று வகுத்தது. ஆட்டக்காரர் சங்கங்கள் 2024 அக்டோபரில் ஐரோப்பிய கமிஷனிடம் புகார் கொடுத்தன: ஓய்வே இல்லை, எங்களைக் கேட்காமலே நாள்காட்டி போடுகிறார்கள் என்று. மானியனுக்கு ஆடவிடவில்லை என்று குறை. இவர்களுக்கு நிற்கவிடவில்லை என்று குறை. இரண்டிலும் விதி எழுதும் மேஜையில் ஆட்டக்காரனுக்கு நாற்காலி கிடையாது.

அதே மாதம் 4ஆம் தேதி, அதே லக்ஸம்பர்க் நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு. லஸானா தியாரா என்ற பிரெஞ்சு ஆட்டக்காரருக்கும் மாஸ்கோ கிளப் ஒன்றுக்கும் 2014இல் ஒப்பந்தம் முறிந்தது. அவர் 1 கோடியே 5 லட்சம் யூரோ நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்றார்கள். அவரை எடுத்துக்கொள்ளும் கிளப்பும் அந்தப் பாரத்தில் பங்கு ஏற்க வேண்டும், சான்றுக் காகிதத்தையும் நிறுத்தி வைக்கலாம் என்பது விதி. எடுத்துக்கொள்ள விரும்பிய பெல்ஜியம் கிளப் பயந்து விலகியது. அதன் ஊர் ஷார்லெருவா. அந்த விதிகள் ஐரோப்பியச் சட்டத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம். தியாராவுக்காக வாதாடிய வக்கீல்களில் ழான்-லூயி துபோனும் ஒருவர். இளைஞராக வந்தவருக்கு அப்போது அறுபது நெருங்கியிருந்தது. நடுவில் அந்தப் பன்னிரண்டு பணக்காரர்களின் லீக்குக்காகவும் அவர் வாதாடியிருக்கிறார். வக்கீல்களை நாவலில் எழுதுவது கஷ்டம். எந்தப் பக்கத்தில் நிறுத்தினாலும் பொருத்தமாக இருக்கிறார்கள்.

போஸ்மனுக்கு, தீர்ப்பு வந்தபோது வயது 31. ஆடும் வயது அநேகமாகத் தீர்ந்துவிட்டது. அவருக்குப் பின் வந்தவர்கள் ஒரே வாரத்தில் சம்பாதிப்பதை அவர் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. மனச்சோர்வும் குடியும் அவரைப் பிடித்துக்கொண்டன. அதை அவரே பத்திரிகைக்காரர்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆட்டக்காரர் சங்கத்தின் உதவியும் அவருக்குத் தேவைப்பட்டது.

லியேஜ் கிளப் என்ன ஆயிற்று என்றும் தேடிப் பார்த்தேன். போஸ்மனை நிறுத்திவைத்த அதே 1990இல் அது பெல்ஜியத்தின் கோப்பையை ஜெயித்திருந்தது. பிறகு கடன் ஏறியது. தீர்ப்பு வந்த 1995இல் முதல் தரத்திலிருந்து கீழே இறங்கியது. ரோக்கூரில் அதன் பழைய மைதானத்தையும் அதே வருஷம் இடித்துவிட்டார்கள். இருபது வருஷம் சொந்த மைதானம் இல்லாமல் அந்தக் கிளப் ஊர் ஊராக அலைந்தது. 2015இல்தான் ரோக்கூரிலேயே ஒரு சிறிய இடம் கிடைத்துத் திரும்பி வந்தது. பழைய மைதானம் இருந்த இடத்தில் சினிமாக் கொட்டகைகள் கட்டியிருக்கிறார்கள். அங்கே டிக்கெட் வாங்க நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் காகிதத்தின் கதை தெரியுமோ!